கழிமுகச் சேறும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்: கேள்வி பதில்

கேள்வி: ஆற்றுக் கழிவு கடைசியில் கடலில்தானே சேருகிறது? உப்புத் தண்ணீர் கிருமியைக் கொன்றுவிடாதா?

பதில்: பாதி சரி. குடலில் வாழ்ந்து பழகிய ஈ.கோலை என்ற பாக்டீரியா உப்பிலும் வெயிலிலும் நாளடைவில் மடியும். ஆனால் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில், மிதந்து வரும் களிமண் துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படியும். பாக்டீரியாவும் அவற்றோடு சேர்ந்தே இறங்கும். சேற்றுக்குள் வெயில் படாது, இரைக்கும் குறைவில்லை. அதனால் மேல்நீரைவிட அங்கே அதிக நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குள், மருந்தைத் தாங்கும் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றிவிடலாம். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பல பிளாஸ்மிட்டுகளுக்குத் தடையில்லை. செத்த பிறகும் கதை முடிவதில்லை. சிதைந்த செல்லின் டிஎன்ஏ களிமண்ணில் ஒட்டிக் கிடக்கும். அதையும் சில பாக்டீரியா உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: மருந்து ஆலையே இல்லாத ஆறு, உலோகப் பட்டறைக் கழிவு மட்டும்தான் வருகிறது. அப்போது கவலையில்லைதானே சார்?

பதில்: அங்கேதான் எனக்குக் கவலை அதிகம். தாமிரம், துத்தநாகம், பாதரசத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல நேரம் ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கும். உலோகத்துக்குத் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா மற்ற மரபணுவையும் ஓசியில் சுமந்து வரும். ஆன்டிபயாடிக் காலப்போக்கில் சிதையும், உலோகம் சிதையாது. தவிர, ஊர்ச் சாக்கடை கலந்தாலே மருந்தும் வந்துவிடும்: விழுங்கும் அமாக்சிசிலினில் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது.

கேள்வி: இந்த எதிர்ப்புத் திறனை உண்டாக்கியதே மாசுதானா?

பதில்: இல்லை. 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணு இருந்ததை 2011இல் காட்டினார்கள். மாசு செய்தது, சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்தில் கூட்டிவைத்தது.

கேள்வி: சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீருமா?

பதில்: பாக்டீரியா எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மரபணுவை அழிப்பதற்காக அந்த நிலையங்களை வடிவமைக்கவில்லை, எனவே முழுதாகத் தீராது. அதற்காகக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது!

கேள்வி: குளித்தால் ஒட்டிக்கொள்ளுமா? சிப்பி சாப்பிடலாமா?

பதில்: பிரிட்டனில் அலைச்சறுக்கு ஆடும் 143 பேரைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேரின் குடலில் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலை இருந்தது; ஆடாத 130 பேரில் 4 பேருக்கு மட்டுமே. குடலில் இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. ஆனாலும் கனமழைக்குப் பிறகு சாக்கடை வழிந்து, சேறும் கலங்கியிருக்கும். அப்போது இறங்காதீர்கள், உடம்பில் வெட்டுக்காயம் இருந்தாலும் வேண்டாம். சிப்பி நீரை வடிகட்டித் தின்னும் உயிர், நீரிலுள்ள கிருமி அதனுள் சேரும். நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம், பச்சையாகக் கூடாது.