விடியலில் தடுமாறும் குளுக்கோமீட்டர்

நுவரெலியாவில் அதிகாலையில் அம்மாவுக்குச் சீனி பார்த்தால் மீட்டர் சிலநாள் பிழை காட்டுகிறது, ஒருநாள் ஆய்வுகூடம் 160 என்றபோது இது 180 என்றது என எழுதியிருந்தீர்கள். மீட்டரை வீசிவிடாதீர்கள்.

இரத்தத்துளி வைக்கும் ஸ்டிரிப்பில் உள்ள நொதி குளுக்கோஸை ஒட்சியேற்றும்போது வெளிவரும் இலத்திரன்கள் மின்வாய்க்குப் போகின்றன. மீட்டர் அளப்பது அந்தச் சின்ன மின்னோட்டத்தைத்தான். குளிரில் நொதி மந்தமாகும். மீட்டர் வெப்பநிலை பார்த்துத் திருத்திக்கொள்ளும் என்றாலும், பல மீட்டர்கள் 10 பாகைக்குக் கீழே வேலை செய்யாது. உங்கள் ஊர் ஜனவரி விடியலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா! மீட்டரையும் மூடிய ஸ்டிரிப் போத்தலையும் சூடான அறையில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், ஆவி பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும்.

சரி, அந்த 20 வித்தியாசம்? இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197:2013, சீனி அளவு 100க்கு மேல் இருந்தால் 15 சதவீத விலகலை ஏற்கிறது. உங்களுடையது அதற்குள்தான். ஆனால் எப்போதுமே கூடத்தான் காட்டுகிறது என்றால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பணு குறைந்தால் பல ஸ்டிரிப்களில் அளவு கூடித் தெரியும். அம்மா விட்டமின் சி நிறைய எடுக்கிறாரா? அதுவும் மின்வாயில் ஒட்சியேறிக் கணக்கைக் கூட்டலாம்.