செப்டம்பர் 8-இல் பிறந்த மூவர்: கன்ட்ரி இசைக் கேள்வி பதில்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசையின் கலைஞர்களுடைய பிறந்தநாள்களைப் பல வருடங்களாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கே: செப்டம்பர் 8-ஐப் பெரிய நாள் என்கிறீர்களே, ஏன்?

மூன்று பேர் அன்று பிறந்தவர்கள். 1897-இல் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ், 1927-இல் ஹார்லன் ஹோவர்ட், 1932-இல் பாடகி பாட்ஸி க்ளைன். ராட்ஜர்ஸ் மிசிசிப்பியின் மெரிடியன் ஊர்க்காரர், ரயிலில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். காசநோய் வந்ததும் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார். அதற்கப்புறம் கிடைத்தது ஆறு வருடம்கூட இல்லை. 1933 மே மாதம் நியூயார்க் ஸ்டுடியோவில் அவருக்காக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அதில் படுத்துக்கொள்வார், மூச்சு திரும்பியதும் எழுந்து அடுத்ததைப் பாடுவார். கடைசிப் பதிவு முடிந்த இரண்டாம் நாள் இறந்துபோனார். வயது 35. அந்தக் கடைசிப் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கும்.

கே: மற்ற இருவரையும் தெரியும். ஹார்லன் ஹோவர்ட் யார்?

பாடலாசிரியர், டெட்ராய்டில் பிறந்தவர். நல்ல கன்ட்ரி பாட்டுக்கு மூன்று கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) உண்மையும் போதும் என்ற பேச்சு இவருடையதுதான். ஹாங்க் காக்ரனோடு சேர்ந்து இவர் எழுதிய 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டைப் பாட பாட்ஸி க்ளைனுக்கு முதலில் அவ்வளவு விருப்பமில்லை. பாடினார், 1961-இல் அது கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. எழுதியவருக்கும் பாடியவருக்கும் ஒரே பிறந்தநாள்! பாடகர் பெயரைச் சொல்லும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் ஓயாமல் கேட்டுக்கொள்வது ஹோவர்டைப் போன்ற பாடலாசிரியர்களுக்காகத்தான்.

கே: பாடகர் வில்லி நெல்சனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டியது ஏப்ரல் 29-ஆ, 30-ஆ?

இரண்டு நாளும் சொல்லலாம். 1933 ஏப்ரல் 29 நள்ளிரவுக்குச் சற்று முன் பிறந்தார், பதிவேட்டில் 30 என்று ஏறிவிட்டது.

கே: பாடகி லொரெட்டா லின் 1935-இல் பிறந்தவர் என்று படித்த ஞாபகம். சரியா?

1932 ஏப்ரல் 14 என்பதே சரி. அவர் தன் வயதை மூன்று வருடம் குறைத்தே சொல்லி வந்தார். 2012-இல் ஏ.பி. செய்தி நிறுவனம் பிறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்படிப் பார்த்தால் கல்யாணம் நடந்தது, அவர் சொல்லி வந்ததுபோல் 13 வயதில் அல்ல, 15-இல். இதை வைத்து அவர் கதை முழுவதையும் சந்தேகிக்கிறார்கள் சிலர், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், 20 வயதுக்குள் நான்கு பிள்ளைகள். அந்தப் பாடு பொய்யில்லையே.

கே: பிறந்தநாளிலேயே இறந்தவர் உண்டா?

பாடகர் மெர்ல் ஹாகர்ட். 1937 ஏப்ரல் 6-இல் பிறந்து, 2016-இல் அதே தேதியில், 79 வயது நிறைந்த அன்று போனார். அவர் வளர்ந்த வீடு, பழைய சரக்கு ரயில் பெட்டியை அவர் அப்பா மாற்றிக் கட்டியது.

கே: பாடகர் ஜானி கேஷின் உண்மையான பெயர் என்ன?

1932 பிப்ரவரி 26-இல் பிறந்தபோது வைத்த பெயர் வெறும் ஜே.ஆர். விமானப்படையில் சேரும்போது வெறும் எழுத்துகளை ஏற்கவில்லை, அதனால் ஜான் ஆனார்.

கே: உங்கள் நோட்டில் கறுப்பினக் கலைஞர்கள் இருக்கிறார்களா?

இல்லாமலா? டிஃபோர்ட் பெய்லி, 1899 டிசம்பர் 14. மவுத் ஆர்கன் கலைஞர். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு அந்தப் பெயர் கிடைத்த 1927 டிசம்பர் இரவில் அவர் வாசித்தது 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. 1941-இல் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதே ஊரில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982-இல் மறைந்தவருக்கு கன்ட்ரி இசையின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2005-இல்.

கே: அவர் வாசிப்பில் எதை முதலில் கேட்கலாம்?

அந்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'தான். ஒற்றை மவுத் ஆர்கன், வேறு வாத்தியம் கிடையாது. தூரத்தில் ஒரு ரயில் கிளம்பும், விசில் கேட்கும், வேகம் பிடித்து உங்களைத் தாண்டிப் போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.