சிறுநீர்த் துவாரத்துக்குப் பக்கத்தில் கட்டி தட்டுப்பட்டால் என்னவாக இருக்கும்?

குளிக்கும்போது சிறுநீர்த் துவாரத்தின் ஓரமாகப் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் பட்டது, வலி இல்லை, புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். மகளிர் நோய்ப் பிரிவு ஓ.பி.யில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சாதாரண நீர்க்கட்டிதான். ஆனாலும் நேரில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துவாரத்தை ஒட்டி இடது அல்லது வலது பக்கத்தில் இருந்தால் அநேகமாக ஸ்கீன் சுரப்பிக் கட்டி. பெண்களுக்குத் துவாரத்தின் இரு பக்கமும் இருக்கும் சின்னச் சுரப்பிகள் இவை. 1880இல் இவற்றைப் பற்றி எழுதிய அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரே நிலைத்துவிட்டது. தொற்றாலோ அடிபட்டதாலோ சுரப்பியின் குழாய் அடைபட்டால் உள்ளே நீர் சேர்ந்து வீங்கும். சிறிதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பெரிதானால் சிறுநீர் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சிதறும், உட்கார்ந்தால் உறுத்தும், உறவின்போது வலிக்கும். பிறந்த பெண் குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

யோனியின் கீழ்ப்புற ஓரத்தில் வருவது, அங்கே இருக்கும் பார்த்தோலின் என்ற சுரப்பியில் உண்டாகும் பார்த்தோலின் கட்டி. உள்ளே பக்கச்சுவரில் இருந்தால், கருவில் இருந்தபோதே மிச்சப்பட்ட குழாயிலிருந்து உண்டாகும் கார்ட்னர் கட்டியாக இருக்கலாம். பிரசவத் தையல் போட்ட இடத்திலும் கட்டி வரும். மாதவிடாய் நின்றவர்களுக்குத் துவாரத்திலேயே சிவப்பாகச் சதை துருத்திக்கொண்டு, உள்ளாடையில் ரத்தக்கறை படும். அது நீர்க்கட்டி இல்லை, கேரங்கிள் என்பார்கள்.

இவற்றையெல்லாம் விட நான் அதிகம் கவலைப்படுவது டைவர்டிகுலம் பற்றித்தான். சிறுநீர்க்குழாயின் சுவர் பிதுங்கிப் பை போல ஆகி, அதில் சிறுநீர் தேங்கும். என் அக்காவுக்கு இதுதான் இருந்தது. மாதக்கணக்கில் நீர்க்கடுப்பு. போன இடமெல்லாம் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டு எழுந்து நின்றால் சொட்டுச் சொட்டாக வடிந்து பாவாடை நனையும். வயிற்று ஸ்கேனில் எல்லாம் நார்மல். கடைசியாக ஒரு டாக்டரம்மா உள்ளே விரல் வைத்து முன்பக்கச் சுவரை அழுத்தினார், சிறுநீர்த் துவாரம் வழியாகக் கலங்கலாகச் சீழ் வந்தது. எம்.ஆர்.ஐ.யில் குழாயைச் சுற்றி வளைந்த பை தெளிவாகத் தெரிந்தது. அறுவை செய்து, சிறுநீர் போவதற்கு வைத்த டியூபோடு சில வாரம் இருந்து, இப்போது நன்றாக இருக்கிறாள். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரைச் சீட்டோடு திரும்பாமல், “உள்ளே பரிசோதித்துப் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதிலும் தவறே இல்லை.

தொந்தரவு தராத சின்னக் கட்டியை அப்படியே விட்டுக் கவனிப்பார்கள். சீழ் பிடித்தால் ஆன்டிபயாட்டிக், தேவைப்பட்டால் கீறி வடிப்பார்கள், திரும்ப வந்தால் கட்டியையே எடுத்துவிடுவார்கள். புற்றுநோய் மிக மிக அபூர்வம். ஆனால் கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

வீட்டில் அழுத்திப் பிதுக்குவது, ஊசியால் குத்துவது, மஞ்சள் பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். அந்த இடத்துக்கு மிக அருகில் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது.

மகளிர் நோய் மருத்துவரிடம் போகலாம், சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜிக்கும் போகலாம். வலி இல்லாததால் மாதவிடாய் முடிந்த பிறகு போனால் பரிசோதிக்க வசதி. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, கட்டி சிவந்து விண்ணென்று வலித்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ நாள் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.