ஹேக் நகரத்து வானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி நெதர்லாந்து வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஹேக் நகரில் தனியாக இருக்கிறேன். வாரநாட்கள் ஓடிவிடுகின்றன, சனி ஞாயிறுதான் நகர மாட்டேன் என்கிறது. வந்ததிலிருந்து வானம் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரியே இருக்கிறது. ஓவிய அருங்காட்சியகங்களுக்குப் போகலாம் என்று பலரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியம், வான்கோ அருங்காட்சியகம், அப்புறம் பாரிஸ் லூவர், லண்டன் நேஷனல் கேலரி. இவற்றில் எதற்கெல்லாம் போகலாம், எதை விட்டுவிடலாம்? வருடம் முழுக்கச் செல்லுபடியாகும் மியூசியம்கார்ட் வாங்குவது லாபமா? ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது படித்துவிட்டுப் போவது நல்லதா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். படித்துவிட்டுப் போகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் படிப்பதும் இல்லை, போவதும் இல்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குடியிருப்பது ஹேக்கில். பட்டியலில் பாரிஸ் இருக்கிறது, லண்டன் இருக்கிறது, உங்கள் ஊரின் நடுவிலேயே குளக்கரையில் நிற்கும் மௌரிட்ஸ்ஹௌஸ் ஓவிய அருங்காட்சியகம் இல்லை. ஓவியர் வெர்மீர் வரைந்த முத்துத் தோடு அணிந்த பெண்ணைப் பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி அந்த வீட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் டிராமில் போகலாம். பலரிடம் கேட்ட நேரத்தில் ஒருமுறை போய்வந்திருக்கலாமே! சுற்றுலா வந்தவருக்கு ஒருநாள்தான் இருக்கிறது, அவர் பட்டியல் போடட்டும். உங்களிடம் அந்த ஊரின் வீட்டுச் சாவி இருக்கிறது.

சரி, கோபம் போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி. அந்த அலுமினியச் சட்டி. கொஞ்ச காலமாக நானும் அதே வானத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் மகள் வீட்டில் தங்க நானும் ஹேக்குக்கு வந்திருந்தேன். அவள் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க ஜன்னல்தான். ஒருநாள் நடக்கக் கிளம்பினேன், மழை பிடித்துக்கொண்டது, மௌரிட்ஸ்ஹௌஸுக்குள் போனேன். கூட்டமெல்லாம் முத்துத் தோட்டுப் பெண்ணின் முன்னால். நான் ஒதுங்கி நின்ற இடத்தில் யாக்கோப் வான் ரொய்ஸ்தாலின் ஒரு சிறிய ஓவியம், 1670களில் வரைந்தது. தூரத்தில் ஹார்லெம் நகரம், அதன் பெரிய தேவாலயம். முன்னால் வயல்வெளி. படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வானம்.

முதலில் மேகங்களைத்தான் பார்த்தேன். அப்புறம் கண் தரைக்கு இறங்கியது. புல்வெளியில் நீளநீளமாக வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். ஹார்லெமில் அன்று லினன் துணி வெளுப்பது பெரிய தொழில், மணற்குன்றுகளிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர் அதற்கு உதவியது. அந்தத் துணி விரித்த துண்டு நிலத்தில் மட்டும் வெயில். அதற்கு இப்பக்கம் நிழல், அப்பால் நிழல், இன்னும் தூரத்தில் மறுபடியும் ஒரு கீற்று வெளிச்சம். மேகங்களின் நிழல் தரையில் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் தரையில் தெரிகிறது. குனிந்த நிலையிலேயே வானத்தைப் பார்க்க முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. தங்கியிருந்த நாளெல்லாம் அப்புறம் தெருவில், ரயிலில், வாய்க்கால் ஓரத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாடு தட்டை. மலை இல்லை, மறைப்பு இல்லை, வட கடலிலிருந்து மேகம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே கால்வினிய (புராட்டஸ்டண்ட் பிரிவு) தேவாலயங்கள் பலிபீட ஓவியங்கள் வாங்கவில்லை. ஓவியர்கள் சாதாரண வீடுகளின் சுவருக்காக வரைந்தார்கள். புனிதர்களை விட்டுவிட்டு, தொடுவானத்தைப் படத்தின் அடியில் இறக்கி வைத்து, மீதி இடம் முழுவதையும் தங்கள் தலைக்கு மேலே இருந்ததற்குக் கொடுத்துவிட்டார்கள். இது எனக்கு இன்னமும் பெரிய துணிச்சலாகத் தோன்றுகிறது.

ஆனால் எங்கள் வானத்தில் மேகமே பிரிவதில்லையே, எல்லாம் ஒரே சாம்பல்தானே என்பீர்கள். அதற்கு யான் வான் கோயன் என்ற ஓவியர் இருக்கிறார். ரைக்ஸ்மியூசியத்தில் அவருடைய இரண்டு ஓக் மரங்கள் இருக்கின்றன, 1641இல் வரைந்தவை. அடிபட்டு, கிளை முறிந்து, ஒரு மேட்டில் நிற்கும் மரங்கள். அடியில் சில மனிதர்கள். பழுப்பும் சாம்பலும் மங்கிய மஞ்சளும் தவிர வேறு நிறம் அதிகமில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். கொஞ்ச நேரம் நின்றால் அந்தப் பழுப்பே பிரிய ஆரம்பிக்கும். மரத்தின் பழுப்பு வேறு, மேட்டின் பழுப்பு வேறு, வானத்தில் இருப்பது இன்னொன்று. காற்று வீசுகிறது, மழை வரலாம். உங்கள் அலுமினியச் சட்டிக்குள்ளும் இத்தனை இருக்கிறது. வான் கோயன் ஹேக்கில்தான் குடியேறி வாழ்ந்தார், 1656இல் அங்கேயே இறந்தார். நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது அவருடைய வானத்தை.

புது நாட்டில் முதல் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் நாலரை மணிக்கு இருட்டிவிடும். போனில் பேசும் எல்லாரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டியிருக்கும். மொழி புரியாத டிராமில் உட்கார்ந்து வரும்போது நாம் அந்த ஊரில் ஒட்டாமல் மிதப்பது போலிருக்கும். ஓவியம் இதையெல்லாம் தீர்த்துவைக்காது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இதே குளிரை, இதே சேற்றை எத்தனை ஆசையோடு பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும். அவேர்காம்ப் 1608 வாக்கில் வரைந்த பனிக்காலக் காட்சியும் ரைக்ஸ்மியூசியத்தில்தான் இருக்கிறது. உறைந்த நீரின்மேல் ஊரே இறங்கியிருக்கிறது. சறுக்குகிறவர், விழுகிறவர், பேசிக்கொண்டு நிற்கிறவர். பணக்காரரும் ஏழையும் ஒரே பனியில். இடது மூலையில் ஒரு பழைய கதவை முட்டுக்கொடுத்துப் பறவை பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் பேச்சில்லாதவர், 'காம்பன் ஊர் ஊமை' என்றே அவரை அழைத்தார்கள். அத்தனை பேச்சும் நடமாட்டமும் உள்ள கூட்டத்தை அவர் ஒருவரையும் விடாமல் பார்த்திருக்கிறார். உங்கள் முதல் குளிர்காலத்தில் பார்க்கவேண்டிய படம் அது.

படங்களுக்கு முன்னால் போனை எடுக்காதீர்கள். ஒலிவழிகாட்டி வேண்டுமானால் இரண்டாம் முறை போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை அறைகள் பார்த்தோம் என்று எண்ணாதீர்கள். ஒரு படத்தின் முன்னால் கால் வலிக்கிறவரை நில்லுங்கள், போதும்.

பட்டியலைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. இந்தச் சனிக்கிழமை மௌரிட்ஸ்ஹௌஸ். ரொய்ஸ்தாலைப் பார்த்துவிட்டு வெர்மீரின் டெல்ஃப்ட் காட்சிக்குப் போங்கள், அதிலும் முன்பக்கம் நிழல், வெயில் உள்ளே தள்ளி நிற்கும் கூரைகளில் விழுகிறது. அடுத்து ரைக்ஸ்மியூசியம். ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம். வெயில் காலம் வந்ததும் ஒட்டர்லோவில் காட்டுக்கு நடுவே இருக்கும் க்ரோலர்-முல்லர், வான்கோ அங்கேயும் நிறைய இருக்கிறார். லூவர் எங்கும் ஓடிவிடாது. கார்டு வாங்கிவிடுங்கள், நாடு முழுக்க சுமார் 500 இடங்களில் செல்லும். மழைக்கு ஒதுங்கக்கூட உள்ளே போய்வரலாம். ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்துக்குக் கார்டு இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.