எல்லாப் பருவத்திலும் கடலைப் படம்பிடிக்க எதை வாங்கலாம்?

கேள்வி: மழை, மூடுபனி, பெருங்காற்று என எல்லா நாளிலும் கடற்கரையில் படம் எடுக்க விரும்புகிறேன். ‘வெதர் சீல்டு’ (தண்ணீரும் தூசியும் எளிதில் புகாதபடி இடுக்குகளை அடைத்த) கேமரா வாங்கினால் போதுமா?

பதில்: கேமரா மட்டும் போதாது, லென்ஸும் சீல் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் லென்ஸைக் கழற்றி, கேமராவில் பொருந்தும் உலோக வளையத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் விளிம்பு இல்லையென்றால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போகும். சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீல் முழுமையாகும். கையேட்டில் இது குறிப்பிடப்பட்டிருக்கும்.

‘வெதர் சீல்டு’ என்ற சொல்லுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஐபி எண் (தூசியையும் தண்ணீரையும் தடுக்கும் திறனைக் காட்டும் தர எண்) தந்திருந்தால் அதை நம்பி ஒப்பிடலாம். ஐபி53 என்றால் 5 தூசிக்கு, 3 சாய்வாக விழும் தூறலுக்கு. மேலே வந்து மோதும் அலை அந்தக் கணக்கில் வராது.

உண்மையில் மழையைவிட உப்புதான் கேமராவைக் கெடுக்கும். பளிச்சென்ற வெயில் நாளிலும் அலை உடையும் இடத்தில் உப்புத் திவலை காற்றில் மிதக்கிறது. லென்ஸ் கண்ணாடியில் படிந்து காய்ந்தால் படிகமாகிவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறிப்போகும். திருகுகளிலும் பேட்டரி முனைகளிலும் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். அதனால் வீடு திரும்பியதும் எந்த மூடியையும் திறக்காமல், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள். முன் கண்ணாடியில் முதலில் புளோயரால் ஊதிவிட்டு, பிறகு ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். எல்லாம் காய்ந்த பிறகே லென்ஸைக் கழற்றலாம்.

கைவசம் நல்ல கேமரா இருந்தால் புதிதாக வாங்க அவசரம் வேண்டாம். மழை உறை, ஆழமான லென்ஸ் ஹுட் (லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு), நான்கு மைக்ரோஃபைபர் துணிகள், காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் ஆகியவையே முதல் செலவு. நான்கு துணி எதற்கென்றால், உப்பு ஏறிய துணியை மறுபடி கண்ணாடியில் வைக்கக் கூடாது.

கேள்வி: முதலில் எந்த ஃபில்டர்? பளபளப்பை விலக்கும் போலரைசரா, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டியா?

பதில்: போலரைசர். அது நீல வானத்துக்கு மட்டும்தான் என்ற எண்ணம் தவறு. மேகமூட்டத்தில் நனைந்த பாறை மீதுள்ள வெள்ளைப் பளபளப்பை விலக்கி, பாசியின் பச்சையை வெளியே கொண்டுவருவதில்தான் அதன் அருமை தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ‘சர்க்குலர்’ வகையையே வாங்குங்கள். அகலக்கோண லென்ஸில் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிடக்கூடும், கவனம்.

என்டியில் 6 ஸ்டாப் பயனுள்ளது: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடியிலிருந்து ஏறக்குறைய 1 நொடியாகும், பின்வாங்கும் அலை கோடு கோடாகப் பதியும். 10 ஸ்டாப்பில் அதே வெளிச்சம் 16 நொடிக்கு மேல் போய், கடல் வெறும் பஞ்சாகிவிடும். அமைதியான நாளுக்கு அது அழகு. கொந்தளிக்கும் கடலின் உருவத்தையே அழித்துவிடும். கொந்தளிப்புக்கு ஃபில்டரே வேண்டாம், 1/1000 நொடி போதும். மழை விட்ட சில நிமிடங்களுக்கு ஈர மணல் வானத்தை அப்படியே காட்டும். அப்போது போலரைசரையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பிம்பம் மங்கிப்போகும்.

கேள்வி: என் ஃபோன் ஐபி68. கடலில் நனைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்புநீருக்குப் பொருந்தாது. நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான வாரண்ட்டிகள் ஏற்பதில்லை. தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: பழைய ட்ரைபாட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எல்லாப் பூட்டையும் திறந்து கால்களை முழுக்க நீட்டுங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் இருக்கிறது. முறுக்குப் பூட்டு என்றால் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கேளுங்கள், முடிந்தால் வாங்கலாம். அலுமினியக் காலில் வெள்ளைப் பொடியும் குழியும் தெரிந்தால் உப்பு அரித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். வாங்கியபின், தண்ணீரில் நிற்கும்போது காலின் அடிப்பகுதிக் குழாயை முதலில் முழுக்க நீட்டுங்கள். பூட்டு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்.