விருந்துக்கு வந்தவர் வீட்டில் விழுந்து காயப்பட்டால் வீட்டுக்காரர் பொறுப்பா?

கேள்வி: கொழும்பில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் வழுக்கி விழுந்து அடிபட்டுவிட்டார். நான் நட்டஈடு கொடுக்க வேண்டி வருமா?

வரலாம். ஆனால் வீடு உங்களுடையது என்ற காரணத்துக்காக மட்டும் வராது. ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா, அப்படியிருந்தும் பேசாமல் விட்டீர்களா என்பதுதான் கேள்வி.

நான் சட்டத்தரணி இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே இப்படி நடந்ததால் ஒரு சட்டத்தரணியிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். தீபாவளிக்கு வந்திருந்த மாமி, கை கழுவப் பின்பக்கம் போனவ, படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. ஐப்பசி மழையில் அந்தப் படி பாசி பிடித்திருந்தது. மேலே இருந்த லைற் எரியாமல் மூன்று கிழமை. இரண்டும் எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற நாங்கள் இருட்டிலும் கால் பார்த்து வைத்துப் பழகிவிட்டோம். மாமிக்கு அந்தப் பழக்கம் எப்படி இருக்கும்?

சட்டத்தரணி முதலில் கேட்டது, "பாசி இருக்கு, கவனம் என்று யாராவது சொன்னீங்களா?" என்றுதான். யாரும் சொல்லவில்லை.

இலங்கையில் இந்த விஷயத்தை ஆள்வது ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். (தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, முதுசம், சீதனம் போன்றவற்றுக்குத்தான், காயத்துக்கு அது வராது.) அக்கறையுள்ள ஒரு குடும்பத் தலைவர் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் இப்படி நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்திருப்பாரா, யோசித்துத் தடுத்திருப்பாரா என்பதே அளவுகோல். அவர் செய்திருக்கக்கூடியதை நீங்கள் செய்யவில்லை என்றால் அது கவனயீனம். அந்தக் கவனயீனத்தால்தான் காயம் வந்தது, அதனால் நட்டம் ஏற்பட்டது என்பதை வழக்குப் போடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் வைத்தியச் செலவு, இழந்த வருமானம், பட்ட வேதனை ஆகியவற்றுக்கு நட்டஈடு கேட்கலாம். யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத விபத்து என்றால் உங்கள் மேல் பொறுப்பு விழாது.

விழுந்தவர் பக்கமும் தவறு இருக்கலாம். போக வேண்டாம் என்று சொல்லியும் போனவர் என்றால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். வழக்கு பொதுவாக மாவட்ட நீதிமன்றத்தில், 2 வருடத்துக்குள். இந்தக் கால எல்லையை வைத்திருப்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கதவுக்கு உள்ளே நடந்தது வேறு, பொதுப் படிக்கட்டிலோ லிஃப்டிலோ நடந்தது வேறு. பொது இடங்களைப் பராமரிப்பது, வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வேலை. வாடகை வீடு என்றால், பழுதடைந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, திருத்தும் கடமை யாருக்கு என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் காப்புறுதி இருந்தால், மூன்றாம் தரப்புப் பொறுப்பு, அதாவது வெளியாருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பு, அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விழுந்த அன்றே மாமியைத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கே சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க ஆள், மருந்து, வாகனம் என்று செலவு கூடிக்கொண்டே போனது. தெரிந்த ஒருவர், "அடிக்கடி போய்ப் பார்க்காதே, குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நான் போனேன், பில்களைக் கேட்டு வாங்கிக் கட்டினேன், என்ன கொடுத்தேன் என்பதை எழுதியும் வைத்தேன். மாமியின் மகன் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது மாமி ஊன்றுகோலோடு நடக்கிறா. பின்படியில் கைப்பிடி போட்டுவிட்டேன், மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருக்கால் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். போன தீபாவளிக்கும் வந்தா. கை கழுவ முன்பக்கத்துக் குழாய்க்குத்தான் போனா.