ஓர் இசைக்கலைஞரின் முதல் ஆல்பங்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது? ஏன்?

'தி க்ரீக் டிராங்க் தி கிரேடில்'. 'அயர்ன் அண்ட் வைன்' என்ற பெயரில் பாடும் அமெரிக்கர் சாமுவேல் பீம் 2002 செப்டம்பரில் வெளியிட்டது. 11 பாட்டுகள். எழுதியவர், பாடியவர், வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் எல்லாம் அவர் ஒருவரே.

இதை நான் முதலில் கேட்டது மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது. தூளியை ஆட்டுவதை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். ஒரு கை தூளிக் கயிற்றில் இருக்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கும், இன்னொரு காது அவள் சிணுங்கலுக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பாட்டையும் ஒழுங்காகக் கேட்க முடியாது. ஒலியைக் குறைத்தால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும், குரல் மூழ்கிவிடும். நண்பர் ஒருவர் அனுப்பிய இந்த ஆல்பம் மட்டும் எவ்வளவு குறைத்தாலும் மூழ்கவில்லை. குறைக்கக் குறைக்கப் பாடுபவர் இன்னும் அருகில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பீம் இவற்றைப் பாடியது மயாமியில் தன் வீட்டில். உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விழித்துவிடக் கூடாது என்று தணிந்த குரலில் பாடியிருக்கிறார். அந்த முணுமுணுப்பைப் பலரும் ஒரு பாணி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு தகப்பனின் பழக்கமாகவே கேட்கிறது. எனக்கும் அப்போது வீட்டில் அந்தத் தணிந்த குரல்தான்.

அவர் தென் கரோலினாவில் வளர்ந்தவர். ஓவியம் படித்து, பிறகு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்து, மயாமியில் மாணவர்களுக்கு ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டெல்லாம் வேலை முடிந்த பிறகு, தனக்காக. அந்தப் பதிவுகள் நண்பர்கள் கைமாறி, சியாட்டிலில் உள்ள 'சப் பாப்' நிறுவனத்தை எட்டின. 1989இல் 'நிர்வாணா' என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே நிறுவனம்தான். மின்கிடார் முழக்கத்துக்குப் பெயர்போன அந்த இடத்திலிருந்து இவ்வளவு மெல்லிய பாட்டு வந்தது ஒரு வியப்பு. வீட்டுப் பதிவுகளையே ஆல்பமாக வெளியிட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய வியப்பு. பளபளப்பான ஸ்டூடியோவில் திரும்பப் பாட வைத்திருந்தால் இந்த அறையின் காற்று போயிருக்கும்.

அவர் பயன்படுத்தியது நான்கு தடங்கள் கொண்ட கேசட் கருவி. தடம் என்பது நாடாவில் ஓர் ஒலி தனியாகப் பதியும் வரிசை. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில் பதிவு செய்யும். கிடாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, அதே குரல் துணைக்குப் பாட ஒன்று, பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்துக்கோ, தந்தியில் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிடாருக்கோ ஒன்று. இடம் தீர்ந்தது. ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால், முன்பு பதிந்தவற்றைச் சேர்த்து ஒரே தடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது. நாடாவின் இரைச்சலும் கூடும். இப்படிப்பட்ட கருவியில் தேவையில்லாத ஒரு சுரத்தைக்கூடச் சேர்க்க மனம் வராது. குரல் தணிவாகப் பதிந்திருந்தால் பிறகு அதை உயர்த்த வேண்டும், அப்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே உயரும். ஆல்பம் முழுவதும் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய ஓசை ஒன்று ஓடுவதை ஹெட்போனில் கேட்கலாம். தூரத்தில் தூறல் விழுவதுபோல் இருக்கும். எனக்கு அதுவும் பாட்டில் ஒரு பகுதி.

இந்த ஆல்பத்தை 'அமெரிக்கானா' வகை என்பார்கள். அந்தச் சொல் பலருக்குக் குழப்பமாக இருக்கும். கன்ட்ரி, ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, அப்பலாச்சிய மலைப் பாட்டு என்று அமெரிக்க மண்ணில் ஊறியவற்றை ஒரே குடையின் கீழ் வைக்கும் பெயர் அது. பான்ஜோவின் மூதாதையே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்ததுதான். இந்த ஆல்பத்தில் அந்த வேர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் கண்காட்சியாக இல்லை. ஸ்லைடு கிடார் சில இடங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பீம் தன்னை இறைநம்பிக்கையாளராகச் சொல்லிக்கொள்பவர் அல்லர். ஆனாலும் வரிகளில் விவிலியத்தின் சாயல் நிறைய. கிறிஸ்தவம் ஊறிய தென் மாநிலத்தில் வளர்ந்தவரிடம் அந்தச் சொற்கள் எப்படியும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பவர்களுக்கு நான் முழுக்க மறுப்புச் சொல்ல மாட்டேன். ஏழாவது பாட்டுக்குப் பிறகு இரண்டு பாட்டுகள் எனக்கே இன்றும் கலந்துபோகின்றன. முதல் பாதியில் அப்படி எதுவும் இல்லை.

ஆறாவது பாட்டுக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஏறக்குறைய ஆறு நிமிடம், வளர்ந்த மகன் ஒருவன் தாயிடம் பேசுவது. கவலைப்படாதே என்கிறான், ஓடைப் படுகையில் இருந்த கடைசிப் பாம்பையும் கொன்றுவிட்டேன் என்கிறான். வீட்டு நாய் குட்டி போட்ட இரவை நினைவூட்டுகிறான். கடைசியில் என்னை மறந்துவிடு, நீ தாலாட்டுப் பாடிய தொட்டிலை ஓடை குடித்துவிட்டது என்கிறான். ஆல்பத்தின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் 'குடித்துவிட்டது' என்னை விடவில்லை. அடித்துக்கொண்டு போனது என்று சொல்லியிருந்தால், எங்காவது கரை ஒதுங்கியிருக்கும் என்று ஒரு தாய் தேடிப் போவாள். குடித்த பிறகு தேட என்ன இருக்கிறது? அதைப் பாடும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. முதல் முறை கேட்டபோது தூளியை ஆட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மகள் அழத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

அதன் பிறகு அவர் செய்த ஆல்பங்கள் பெரியவை. 2004இல் வந்த அடுத்த ஆல்பத்தையே சிகாகோவில் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்; ஒலி துல்லியம், பாட்டுகளும் அருமை. ஆனாலும் மனம் கனத்த இரவுகளில் நான் திரும்பிப் போவது முதல் ஆல்பத்துக்குத்தான்.

கேட்க விரும்பினால் ஆறாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள், பிறகு முதல் பாட்டுக்குப் போங்கள். பயணத்தில் வேண்டாம், பஸ் இரைச்சலில் பாதி போய்விடும். இரவில், விளக்கை அணைத்த பிறகு, ஒலியைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். பக்கத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.